கிளியும் துலாக்கோலும்: ஆக்கமுறு செயற்கை நுண்ணறிவும் கல்லூரி ஆசிரியர் பயிற்சியும்

முன்னுரை

நல்லாசிரியனின் இயல்பை விளக்கப் புகுந்த பவணந்தி முனிவர், நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகிய நான்கினை உவமைகளாகக் காட்டுகின்றார். மாணாக்கர் இயல்பைக் கூறுமிடத்து அன்னம், பசு, மண், கிளி, பொத்தற்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகிய எட்டினை எடுத்துக்கொண்டு, அவர்களை முதல், இடை, கடை என மூவகைப்படுத்துகின்றார். இவற்றுள் கிளி, தனக்குச் சொல்லப்பட்டதை அழகுறத் திருப்பிச் சொல்லும். அதற்கப்பால் ஒன்றும் அறியாது. ஆதலின் அதற்கு இடைத்தரமே கிடைத்தது. துலாக்கோலோ ஐயம் எழுந்தவிடத்துப் பொருளின் அளவை உள்ளவாறு காட்டும்; எத்தட்டின் பக்கமும் சாயாது நடுநிற்கும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டு இலக்கண நூலொன்றின் இவ்விரு உவமைகளும் இன்றைய கல்லூரி வகுப்பறைக்கு எத்துணைப் பொருந்துகின்றன என்பதை அண்மையில் என் தவறுகளின் வாயிலாகவே நான் உணர நேர்ந்தது. 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி என்னும் உரையாடு பொறி பொதுமக்கள் பயன்பாட்டிற்கு வந்தது. அதனைத் தொடர்ந்து ஜெமினி முதலிய பிற பொறிகளும் வந்தன. கேட்ட பொருளில் கேட்ட அளவில் கட்டுரை எழுதித் தரும் இவற்றை 'ஆக்கமுறு செயற்கை நுண்ணறிவு' என வழங்குகின்றோம். இன்று நம் மாணவரின் கைப்பேசியில் இது இருக்கின்றது. இதனை முன்வைத்துக் கற்பிக்கும் ஆசிரியருக்கு எத்தகைய பயிற்சி வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரே வாரத்தில் இரு தவறுகள்

பொதுவாக ஆய்வுக் கட்டுரையில் சொந்த நிகழ்ச்சிகளுக்கு இடமில்லை. எனினும் இப்பொருளை நான் எண்ணத் தொடங்கியது நூல்களிலிருந்து அன்று. என் வகுப்பிலிருந்து ஆகும். ஆகவே அதனைக் கூறியே மேற்செல்ல வேண்டியுள்ளது.

முத்தையாபுரத்தைச் சுற்றியுள்ள உப்பளங்களிலும் துறைமுகத்திலும் உழைப்போர் வீட்டுப் பிள்ளைகள் பலர் நம்மிடம் பயில்கின்றனர். அவர்களுள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தோரும் உளர். ஒரு பருவத்தில் 'எங்கள் ஊரின் தொழில்' என்னும் தலைப்பில் ஒப்படைப்பு எழுதப் பணித்திருந்தேன். தேர்வுத்தாளில் ஒற்றுப்பிழை மலியும் ஒரு மாணவி, உப்பளம் பற்றிப் பிழையின்றி, தெளிவாக எட்டுப் பக்கங்கள் எழுதியிருந்தார். எனக்கு ஐயம் எழுந்தது. வகுப்பில் அனைவர் முன்னிலையிலும், "இதை நீதான் எழுதினாயா?" என்று கேட்டுவிட்டேன். "நான்தான் எழுதினேன், ஐயா" என்று கூறி அமர்ந்தார். அதன்பின் அன்று முழுவதும் அவர் தலை நிமிரவில்லை.

மறுநாள் ஒரு பழைய குறிப்பேட்டைக் கொணர்ந்து என் மேசைமீது வைத்தார். அக்கட்டுரை அதில் மும்முறை எழுதப்பட்டிருந்தது. செய்திகளைக் கூறியவர் உப்பளத்தில் வேலை செய்யும் அவர்தம் தாயார். எழுத்துப் பிழைகளைத் திருத்தியவர் அக்காள். அக்கட்டுரையை மீண்டும் படித்தேன். பாத்தி கட்டுவது, உப்பு வாருவது, வாரிய உப்பை அம்பாரமாகக் குவிப்பது, கண் கூச்சத்தாலும் காலில் படும் உவர்நீராலும் வரும் துன்பம் ஆகிய யாவும் அருகிருந்து கண்டவர் சொல்லாகவே அதில் இருந்தன. அவர் எழுதியதற்குச் சான்று அக்கட்டுரைக்குள்ளேயே இருந்தது. நான் பிழையின்மையை மட்டும் பார்த்தேன், சொல்லைப் பார்க்கவில்லை. அதே வகுப்பில் அனைவர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன்.

அதே வாரத்தில் தமிழிலக்கிய மன்றக் கூட்டம் நடைபெற்றது. சீறாப்புராணம் பற்றி ஒரு மாணவர் கட்டுரை படித்தார். அக்கட்டுரைக்கு நான் முன்னரே உயர்ந்த மதிப்பெண் வழங்கியிருந்தேன். அதில் மேற்கோளாக ஒரு செய்யுள் இடம்பெற்றிருந்தது. கூட்டத்திற்கு வந்திருந்த, பள்ளித் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற காயல்பட்டினத்துப் பெரியவர் ஒருவர், "தம்பி, அந்தப் பாட்டு எந்தக் காண்டம்? எந்தப் படலம்?" என்று மென்மையாகக் கேட்டார். மாணவரால் விடை கூற இயலவில்லை. என்னாலும் இயலவில்லை. பின்னர் நூலைப் புரட்டிப் பார்த்தோம். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் ஆகிய மூன்று காண்டங்களிலும் அச்செய்யுள் இல்லை. பொறி இயற்றிய செய்யுள் அது. ஓசையும் சொல்லும் ஒருவாறு பொருந்தியிருந்தமையால் நான் ஏமாந்தேன்.

உண்மையாக உழைத்தவரை ஐயுற்றேன். உழையாது எழுதப்பட்டதைப் பாராட்டினேன். என் துலாக்கோல் இருபுறமும் பொய்த்தது. இது என் ஒருவனின் குறை மட்டுமாயின் எழுதத் தேவையில்லை. உடன் பணியாற்றும் ஆசிரியர் பலரும் இத்தகைய நிகழ்ச்சிகளைத் தனியே என்னிடம் கூறினர். ஆகவே இது பயிற்சியால் தீர்க்கப்பட வேண்டிய பொதுக் குறை எனக் கொள்ளலாம்.

பொறி இயங்கும் முறை

இப்பொறி பொய் சொல்வது ஏன்? அது இயங்கும் முறையைச் சிறிது அறிந்தால் இவ்வினாவிற்கு விடை கிடைக்கும். அளவிறந்த நூல்களையும் இணையப் பக்கங்களையும் கொண்டு இப்பொறி பயிற்றப்படுகின்றது. எழுத்துகளைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டினை அடுத்து எத்துண்டு வருதல் கூடும் என்பதைக் கணக்கிட்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே செல்வது அதன் அடிப்படைச் செயலாகும். அக்கணக்கீட்டில் 'வரத்தக்கது எது' என்னும் வினா உண்டு. 'உண்மை எது' என்னும் வினா தனியே இல்லை. எமிலி பெண்டர், டிம்னிட் கெப்ரு முதலியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இத்தகைய பொறிகளை 'நிகழ்தகவுக் கிளிகள்' என்னும் பொருள்படக் குறிப்பிட்டது. பவணந்தியார் கண்ட கிளியை அவர்களும் கண்டனர் எனலாம்.

தமிழைப் பொறுத்தவரை இக்குறை இன்னும் மிகுதியாகின்றது. பயிற்சிக்குப் பயன்படும் இணையத் தரவில் ஆங்கிலமே பெரும்பங்கு வகிக்கின்றது. தமிழின் பங்கு ஒரு விழுக்காட்டிலும் மிகச் சிறியதொரு கூறேயாகும். அத்தமிழிலும் செய்தித்தாள் நடையே மிகுதி. செய்யுளும் உரையும் குறைவு. ஆதலின் இன்றைய செய்தி பற்றிக் கேட்டால் ஓரளவு பொருத்தமாக விடை கூறும் பொறி, பழஞ்செய்யுள் ஒன்றைக் கேட்டால் இல்லாத பாடலை இயற்றி, இருக்கும் புலவர் பெயரில் ஏற்றிவிடுகின்றது. இணையத்தில் தேடி விடை கூறும் வசதி பின்னர் இணைக்கப்பட்டமையால் பிழைகள் குறைந்துள்ளன, அற்றுப்போகவில்லை.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த இடரன்று. 2023ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் வழக்கறிஞர் இருவர், பொறி கற்பித்துத் தந்த இல்லாத தீர்ப்புகளை உண்மையென நம்பி நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டினர். உண்மை வெளிப்பட்டபின் நீதிபதி ஐயாயிரம் டாலர் தண்டம் விதித்தார். சட்டம் பயின்றோரே ஏமாறும்பொழுது பதினெட்டு வயது மாணவர் ஏமாறுவதில் வியப்பில்லை.

இக்கரை முன்னர்க் கண்ட பொறி

புதிய பொறியைக் கண்டு அஞ்சுவதும் அதனைத் தலைமேற் கொண்டாடுவதும் ஆகிய இரண்டும் நமக்குப் புதியன அல்ல. இந்திய மொழிகளுள் முதன்முதலில் அச்சேறியது தமிழ். 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சிடப்பட்ட 'தம்பிரான் வணக்கம்' அதற்குச் சான்று. அதனை ஆக்கிய ஹென்றிக் ஹென்றிக்ஸ் அடிகளார் இம்முத்துக்குளித்துறைக் கரையிலே, தாமிரபரணி கடலொடு கலக்கும் புன்னைக்காயலில் தங்கித் தமிழ் பயின்றவர் ஆவார். நம் ஊரிலிருந்து தெற்கே திருச்செந்தூர்ச் சாலையில் செல்வோர் எளிதில் சென்று காணத்தக்க தொலைவில் அவ்வூர் உள்ளது.

அச்சு வந்தமையால் புலவர் தொழில் அழிந்துவிடவில்லை. மாறாக, அதற்கு முன்பு இல்லாத ஒரு கடமை புலவர்மீது வந்து சேர்ந்தது. அதுவே பதிப்பாசிரியப் பணி. ஓர் ஏட்டின் பிழை ஓர் ஏட்டோடு போகும்; அச்சின் பிழையோ ஆயிரம் படிகளில் பரவும். ஆகவே ஏடுகளைத் தேடி, ஒப்பிட்டு, பாடபேதம் கண்டு, உண்மைப் பாடத்தைத் துணிவது இன்றியமையாததாயிற்று. புலவர் நாயகம் எனப் போற்றப்படும் செய்கு அப்துல் காதிறு நெயினார் லெப்பை ஆலிம் 1842ஆம் ஆண்டு சீறாப்புராணத்தை அச்சேற்றினார். சி.வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் 1887ஆம் ஆண்டு பதிப்பித்தனர். இவர்கள் அச்சுப்பொறியை வெறுத்தவர் அல்லர். அச்சுப்பொறியை நம்பி விட்டவரும் அல்லர். பொறிக்கும் நூலுக்கும் இடையே நின்று ஆராய்ந்தவர்கள்.

ஹதீஸ் கலையிலும் இம்மரபு உண்டென்பதை நம் பெரியோர் அறிவர். ஒரு செய்தி எத்துணை அழகியதாயினும், அதனை அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார் எனத் தொடர்ச்சியாக வினவி, அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் நேர்மையையும் நினைவாற்றலையும் ஆராய்ந்த பின்னரே அதன் தரத்தை உறுதி செய்தனர். 'இஸ்னாது' என வழங்கும் அத்தொடர், பொறி தானே இயற்றிய விடைக்கு இல்லை. யார் சொன்னது என்னும் வினாவிற்கு விடையில்லாத செய்தியை எவ்வாறு கையாள்வது என்பதை நம் மரபு நெடுங்காலத்திற்கு முன்பே கற்பித்துள்ளது. இன்றைய ஆசிரியர் பயிற்சிக்கு வேண்டிய மையக்கருத்தும் இதுவே.

பயிற்சியின் இன்றைய நிலை

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு கல்விப் பணியாளர் கல்லூரிகளை நிறுவியது. சென்னை, மதுரை காமராசர், பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் இவை அமைந்தன. கல்லூரி ஆசிரியர் பலரும் அங்குச் சென்று புத்தொளிப் பயிற்சி பெற்றனர். 2015இல் இவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் எனப் பெயர் மாறின. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், ஆசிரியர் நாளன்று தொடங்கப்பெற்ற மாளவியா ஆசிரியர் பயிற்சித் திட்டத்தின்கீழ் இப்பொழுது இயங்குகின்றன. அத்திட்டத்தின் எட்டுப் பொருள்களுள் தகவல் தொழில்நுட்பமும் ஒன்றாகும்.

உலக அளவில் யுனெஸ்கோ நிறுவனம் 2023 செப்டம்பரில் ஆக்கமுறு செயற்கை நுண்ணறிவிற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அவ்வாண்டில் 450க்கும் மேற்பட்ட பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அந்நிறுவனம் வினவியதில், பத்து விழுக்காட்டிற்கும் குறைவான நிறுவனங்களே இது பற்றிய நெறிமுறையை வகுத்திருந்தன. 2024 செப்டம்பரில் ஆசிரியர்க்குரிய தகுதிச் சட்டகம் ஒன்றையும் யுனெஸ்கோ வெளியிட்டது. மனிதரை மையமாகக் கொண்ட மனப்பாங்கு, அறநெறி, அடிப்படை அறிவும் பயன்பாடும், கற்பித்தல் முறை, தொழில்வழிக் கற்றல் ஆகிய ஐந்து கூறுகளை ஈட்டுதல், ஆழப்படுத்துதல், படைத்தல் என்னும் மூன்று நிலைகளில் வைத்துப் பதினைந்து தகுதிகளை அது வகுத்துள்ளது. மென்பொருளை இயக்கும் திறன் அவ்வைந்தனுள் ஒரு கூறின் பகுதியே என்பது கருதத்தக்கது.

நடைமுறையிலோ அப்பகுதியே முழுமையாகிவிடுகின்றது. நான் கலந்துகொண்ட ஒருநாள் பயிலரங்கில், இருபதுக்கும் மேற்பட்ட மென்பொருள்களின் பெயர்களைத் திரையில் காட்டினர். வினாத்தாள் எவ்வாறு நொடியில் ஆயத்தமாகின்றது, படவிளக்கம் எவ்வாறு தானே உருவாகின்றது என விளக்கினர். கைதட்டினோம், சான்றிதழ் பெற்றோம். திரையில் தோன்றிய விடை சரியா என ஒருவரும் வினவவில்லை. நானும் வினவவில்லை.

கண்டறி மென்பொருள் துணைபுரியுமா?

பொறி எழுதியதைக் கண்டறிய மற்றொரு பொறியை வாங்கிவிடலாமே எனச் சிலர் கருதுகின்றனர். இக்கருத்து ஆராயத்தக்கது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இத்தகைய கண்டறி கருவியொன்றை வெளியிட்டது. பொறி எழுதியவற்றுள் 26 விழுக்காட்டினை மட்டுமே அது சரியாகக் கண்டது. மனிதர் எழுதியவற்றுள் 9 விழுக்காட்டினைப் பொறியின் எழுத்தெனத் தவறாகக் கூறியது. துல்லியம் போதாமையால் அவ்வாண்டு ஜூலையில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர் எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறி கருவிகளிடம் கொடுத்தனர். அவற்றுள் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றைக் கருவிகள் பொறியின் எழுத்தெனத் தவறாகக் குற்றஞ்சாட்டின. எளிய சொற்களால் எழுதுவோரே மிகுதியும் ஐயத்திற்கு ஆளாயினர். ஆங்கிலத்திற்கே இந்நிலை எனில் தமிழ்க் கட்டுரைக்கு இவற்றை எவ்வாறு நம்புவது?

கருத்துத் திருட்டைத் தடுக்கும் 2018ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறை, ஒப்புமை பத்து விழுக்காட்டிற்கு மேற்படின் நடவடிக்கை எடுக்க வழிசெய்கின்றது. அவ்வொப்புமைச் சோதனை முன்னரே உள்ள எழுத்தோடு ஒப்பிடுவது. பொறியோ ஒவ்வொரு முறையும் புதிய தொடரை ஆக்குகின்றது. ஆகவே பொறி எழுதிய கட்டுரை ஒப்புமைச் சோதனையில் எளிதில் தப்பிவிடும்.

இக்கரையில் சலாபம் நடந்த காலத்தில் முத்துகளைத் துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் இட்டுத் தரம் பிரித்தனர். சல்லடை முத்தின் பருமனைக் கூறும். அதன் ஒளியையும் உருட்சியையும் கூறாது. அவற்றை அறிய, கைதேர்ந்தவர் கண் வேண்டியிருந்தது. கண்டறி மென்பொருளும் ஒரு சல்லடையே. அது கூறியதை மட்டும் கொண்டு ஒரு மாணவரைக் குற்றவாளியாக்குதல் அறமாகாது.

ஐந்து நாள் பயிற்சி: ஒரு வரைவு

மேற்கண்டவற்றைக் கருத்திற்கொண்டு, ஒரு துறையோ ஒரு கல்லூரியோ பெரும்பொருட் செலவின்றி நடத்தத்தக்க பயிற்சித் திட்டமொன்றை இங்கு முன்வைக்கின்றேன்.

1. முதல்நாள் – சோதித்தல்: ஒவ்வோர் ஆசிரியரும் தமக்கு நெஞ்சறிய வந்த ஒரு நூலைப் பற்றிப் பொறியிடம் பத்து வினாக்கள் வினவுதல் வேண்டும். விடைகளை நூலோடு ஒப்பிட்டுச் சரி, தவறு, பாதி சரி எனக் குறித்தல் வேண்டும். வேதியியல் ஆசிரியர் வேதியியலில் செய்க. வரலாற்றாசிரியர் வரலாற்றில் செய்க. பொறியின் ஆற்றலையும் எல்லையையும் தம் பாடத்தில் தாமே கண்டறிவதற்கு நிகரான விரிவுரை பிறிதில்லை.

2. இரண்டாம் நாள் – அறிதல்: பொறி இயங்கும் முறை, தமிழ்த் தரவின் குறைவு, பிழைகள் எழும் காரணம் ஆகியவற்றைக் கணினித் துறையினர் தமிழில் விளக்குதல் வேண்டும். முதல்நாள் கண்ட பிழைகளையே எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளுதல் சிறப்பு.

3. மூன்றாம் நாள் – வினா மாற்றுதல்: தாம் கடந்த ஆண்டு கொடுத்த ஒப்படைப்பு வினாக்களைப் பொறியிடம் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். பொறி முழு மதிப்பெண் பெறத்தக்க வினாக்களை நீக்கி, அவற்றிற்கு ஈடான புதிய வினாக்களை ஆக்குதல் வேண்டும்.

4. நான்காம் நாள் – வாய்மொழித் தேர்வு: மாணவர் எழுதியதைப் பற்றி ஐந்து நிமிடத்தில் எவ்வாறு வினவுவது, அஞ்சும் மாணவரை எவ்வாறு பேசவைப்பது, மதிப்பெண்ணை எவ்வாறு பகிர்வது என ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் வினவிப் பழகுதல் வேண்டும்.

5. ஐந்தாம் நாள் – அறநெறி: மாணவரின் பெயர், எண், விடைத்தாள், குடும்பச் செய்தி ஆகியவற்றைப் பொறியில் இடுதல் கூடாது என்பதை வரையறுத்தல் வேண்டும். எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டுள்ளமை கருதத்தக்கது. பொறியைப் பயன்படுத்திய மாணவர் எங்கே, எதற்குப் பயன்படுத்தினார் எனக் கட்டுரையின் இறுதியில் எழுதும் உறுதிமொழிப் படிவத்தையும் அன்று வகுக்கலாம். ஐயம் எழுந்தால் தனியே அழைத்து வினவுதல், குறிப்பேட்டைக் காணுதல், அதன்பின்னரே முடிவு கூறுதல் என்னும் வரிசையையும் எழுதி வைத்தல் வேண்டும். வகுப்பில் அனைவர் முன்னிலையிலும் வினவுதல் கூடாது என்பது அவ்விதிகளுள் முதலாவதாகுக.

வினாவை மாற்றுதல்: சில எடுத்துக்காட்டுகள்

'உமறுப்புலவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுக' என்னும் வினாவிற்குப் பொறி நொடியில் விடை எழுதும். அதற்கு மாற்றாக, 'சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாடு தமிழகத்து மருதநிலம் போல் புனையப்படுவதற்குக் காரணம் யாது? இரு செய்யுள்களை எடுத்து, செய்யுள் எண்ணும் பதிப்பும் குறிப்பிட்டு, வகுப்பில் பொருள் கூறுக' என வினவலாம். மாணவர் நூலைக் கையிலெடுத்தே தீர வேண்டும்.

'தூத்துக்குடி மாவட்டத் தொழில்கள் பற்றிக் கட்டுரை வரைக' என்பதற்கு மாற்றாக, 'உப்பளம், மீன்பிடிப்பு, சங்குகுளித்தல், துறைமுகச் சுமைப்பணி ஆகியவற்றுள் ஒன்றில் வழங்கும் பத்துச் சொற்களை உங்கள் ஊர்ப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க. கூறியவரின் வயது, இடம், கேட்ட நாள் ஆகியவற்றைக் குறிக்க' எனலாம். அச்சொற்களுட் பல இதுவரை எந்நூலிலும் ஏறாதவை. ஆகவே பொறியிடமும் இருக்க வாய்ப்பில்லை. அகராதிக்குக் கொடுக்கும் நிலையில் நம் மாணவர் அன்று நிற்பர்.

மூன்றாவதாக, பொறியையே பாடப்பொருளாக்கலாம். 'இப்பொருள் பற்றிப் பொறி எழுதிய கட்டுரை இது. இதிலுள்ள பிழைகளைச் சான்றுடன் திருத்துக' என்பது நல்ல ஒப்படைப்பாகும். மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டு பொங்கல் நாள் முதலாகத் தமிழ் நூல்களை மின்வடிவில் வழங்கி வருகின்றது. 2001இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக மின்னூலகம் நடத்துகின்றது. ஆதலின் நூலகம் அணுக இயலாத மாணவரும் கைப்பேசியிலேயே மூலநூலைக் காண முடியும். எக்கருவி ஏமாற்றியதோ அக்கருவியிலேயே உண்மையைத் தேடும் வழியும் உள்ளது.

இவ்விடத்தும் நன்னூல் நமக்கு வழிகாட்டுகின்றது. ஆசிரியர் கூறக் கேட்பதால் கல்வியில் காற்பங்கே கிடைக்கும் என்றும், உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு கிடைக்கும் என்றும், எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிறையும் என்றும் பவணந்தியார் கணக்கிடுகின்றார். நம் மதிப்பீட்டு முறையோ எழுதித் தருவதற்கே மதிப்பெண் அனைத்தையும் வழங்கி, எடுத்துரைத்தலைக் கைவிட்டது. பொறியால் எழுத முடியும். மாணவர்க்காக வகுப்பின்முன் நின்று, இடையில் எழும் வினாவிற்கு விடைகூற முடியாது. நாம் கைவிட்ட அரைப்பங்கை மீட்டெடுக்கப் பொறி நம்மை வற்புறுத்துகின்றது எனலாம்.

பயன்கொள்ளத்தக்க இடங்கள்

குறைகளை மட்டும் கூறி நன்மைகளை மறைத்தல் துலாக்கோலின் இயல்பன்று. ஆங்கிலம் பேச அஞ்சும் மாணவர் எத்தனை முறை பிழைசெய்தாலும் சலிப்பின்றித் திருத்தும் துணையாகப் பொறி பயன்படுகின்றது. ஆங்கிலத்தில் மட்டும் உள்ள அறிவியற் கட்டுரையின் கருத்தை எளிய தமிழில் முதற்கட்டமாக அறிந்துகொள்ள உதவுகின்றது. பார்வைக் குறையுடைய மாணவர்க்குப் பாடத்தை ஒலியாக்கித் தரும் கருவிகளோடு இணைந்து பணிபுரிகின்றது. ஆசிரியர்க்குப் பயிற்சி வினாக்களின் முதல் வரைவைத் தருகின்றது. கடிதம், அறிக்கை முதலிய அலுவல் எழுத்தின் சுமையைக் குறைக்கின்றது. தனிப்பயிற்சிக்குப் பணம் கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு வாய்ப்பு. அவ்வாய்ப்பை முற்றிலும் தடைசெய்தால், வசதியுள்ளோர் வீட்டில் பயன்படுத்துவர். வசதியற்றோர் மட்டுமே பின்தங்குவர். ஆகவே தடை தீர்வாகாது. முதல் வரைவைப் பொறி தரலாம். முடிந்த சொல் மனிதர் ஆராய்ந்ததாக இருத்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஆக்கமுறு செயற்கை நுண்ணறிவு பற்றிய ஆசிரியர் பயிற்சி என்பது மென்பொருள்களின் பெயர்களை அறிவதில் முடிவதன்று என்பது தெளிவாகும். தம் பாடத்தில் பொறியைச் சோதிக்கும் திறன், நூலின்றி விடைகூற இயலாத வினாவை ஆக்கும் திறன், மாணவரை நேர்நின்று கேட்டறியும் பொறுமை, ஐயத்தையும் குற்றத்தையும் வேறுபடுத்தும் நடுநிலை ஆகிய நான்குமே அப்பயிற்சியின் பயன்களாதல் வேண்டும். இவற்றுள் எதுவும் தமிழாசிரியர்க்கு அயலானதன்று. ஏடு ஒப்பிட்டுப் பாடம் துணிந்த மரபில் வந்தோர் நாம். பிற துறையினர்க்கும் இதனைக் கற்பிக்கும் பொறுப்பு தமிழ்த்துறைக்கு உண்டு.

இக்கரையில் பிறந்து வளர்ந்த பெரியோர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அன்று மன்றத்தில் எழுந்த அவ்வினாவைக் கேட்கப் பெரியவர் ஒருவர் அங்கு அமர்ந்திருந்தமையாலேயே பொய்ச்செய்யுள் வெளிப்பட்டது. நூலை நெஞ்சில் சுமந்தவர் இருக்கும்வரை பொறி நம்மை முற்றும் ஏமாற்ற இயலாது. அத்தகையோர் நம் மாணவர் கூட்டங்களுக்குத் தொடர்ந்து வருதல் வேண்டும் எனப் பணிவுடன் வேண்டுகின்றேன்.

பொய்ச்செய்யுளைப் படித்த அம்மாணவர் இப்பொழுது மேற்கோள் ஒவ்வொன்றிற்கும் காண்டமும் படலமும் எண்ணும் குறித்தே கட்டுரை தருகின்றார். உப்பளக் கட்டுரை எழுதிய மாணவி தம் தாயாரிடமும் அவருடன் பணிபுரிவோரிடமும் கேட்டு உப்பளச் சொற்களைத் தொகுத்து வருகின்றார். அக்குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் தம் தாயார் பெயரை எழுதியிருக்கின்றார். யார் சொன்னது என்னும் வினாவிற்கு அங்கு விடை உள்ளது. நம் கட்டுரைகள் அனைத்திலும் அவ்விடை இடம்பெறச் செய்வோமாக.